சட்டை சரியாகத்தான் இருக்கிறது

எங்கள் கடையில் புதுத் துணி தைப்பதில்லை. மனிதர்கள் மாறிப்போன பிறகு அவர்களுடைய பழைய துணியை அவர்களுக்குத் தக்கபடி மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைக்க வேண்டும். இறுக்கினால் தையலைப் பிரித்து விட வேண்டும். பிடிப்பது, விடுவது, அவ்வளவுதான். நடுநடுவே ஜிப் மாற்றுவேன், கால் மடித்துத் தருவேன்.

கடையின் பின்மூலையில் ஒரு திரை தொங்குகிறது. அதற்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. போட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. இத்தனை வருடத்தில் அந்தத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, "மாஸ்டர், நான் குண்டாயிட்டேன்" என்று சொன்ன ஒரு ஆத்மாவைக்கூட நான் பார்த்ததில்லை. துணிதான் சுருங்கியிருக்கும். இல்லையென்றால் வாஷிங் மெஷின் சூடு வைத்திருக்கும். கம்பெனிக்காரன் அளவை மாற்றியிருப்பான். போன தடவை நான் சரியாகத் தைத்திருக்க மாட்டேன். இன்சூரன்ஸ் ஆபீஸ் மேலாளர் ஒருவர் கோட்டுப் பொத்தானைப் போட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "இப்ப வர்ற பொத்தான் எல்லாம் பெருசா வருது மாஸ்டர்" என்றார். பொத்தான் பெரிதாக இருந்தால் ஓட்டைக்குள் போகாது, சரி. வயிற்றின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எட்டாமல் இருப்பதற்குமா பொத்தான் காரணம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரு டீச்சரம்மா வருவார். எப்போது வந்தாலும் கணவருடைய பேண்டைக் கொண்டுவருவார். "மனுஷனுக்கு வாயைக் கட்டவே தெரியல. பாருங்க, மறுபடியும் விடணும்" என்று அலுத்துக்கொள்வார். பையின் அடியில் அவருடைய பாவாடை ஒன்றும் இருக்கும். "அப்படியே இதையும் கொஞ்சம் விட்டுடுங்க, நாடா உறுத்துது." கணவருக்கு ஒரு விரல் விடுவேன், நாடாவுக்கு மூன்று விரல்.

நான் இதையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தைப்பேன். துணி பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான் என்பது என் கொள்கை. இஸ்திரி போடுபவரிடம் இதை அடிக்கடி சொல்வேன். அவர் என்னைவிடச் சின்னவர். கடையில் என்னோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் என் கொள்கைகளைக் கேட்க வேண்டிய கட்டாயமும் அவருக்குத்தான்.

இப்படிக் கொள்கையோடு போய்க்கொண்டிருந்தவனைக் கெடுத்தவள் என் மகள். வெளியூரில் உளவியல் படிக்கிறாள். ஒரு விடுமுறையில் வந்தவள், வீட்டில் பொழுது போகாமல் கடையில் வந்து உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்கள் பேசுவதைக் கேட்டு அவளுக்கு ஒரே சிரிப்பு.

"அப்பா, இதுக்கெல்லாம் பேரு இருக்குப்பா. எங்க பாடத்துல ஒரு பகுதியே இதுதான்."

"எதுக்கு? பொத்தான் பெருசாப் போனதுக்கா?"

"ஆமா. உண்மை வலிக்கும்னா மனசு குறுக்க ஒரு தடுப்பு போட்டுக்கும். நம்மளக் கேட்டுட்டுப் போடாது. அதுவா போட்டுக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்பது மறுப்பு. பூனை கண்ணை மூடிக்கொள்கிற சமாச்சாரம். நடந்ததற்கு அழகாக ஒரு காரணம் ஜோடிப்பது இன்னொன்று. தன்னிடம் இருப்பதை அடுத்தவர் தலையில் ஏற்றிச் சொல்வது வேறொன்று. இது டீச்சரம்மாவுக்கு அப்படியே பொருந்தியது. மேலதிகாரி மேல் வந்த கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளை மேல் இறக்குவதற்கும் தனிப் பெயர் உண்டாம். வெறுப்பு வரும் இடத்தில் தேன் ஒழுகப் பேசுவதற்கும் ஒரு பெயர் உண்டாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இத்தனை காலம் அளவெடுத்ததெல்லாம் ஒரு சாஸ்திரம் என்று தெரிந்தால் சும்மா இருப்பேனா? மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன். இஸ்திரிக்காரர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து பெட்டியை 'டங்'கென்று வைத்தால், "தம்பி, இது இடம் மாத்திக் கோவப்படறது. பெட்டி என்ன பண்ணுச்சு?" என்பேன். என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி 'ரொம்பப் பேசுகிறாள்' என்று சொன்னால், "உன்கிட்ட இருக்கறதைத்தான் நீ அவ மேல ஏத்துற" என்பேன். அன்று எனக்குச் சாப்பாடு தட்டில் வந்து விழுந்த வேகத்துக்கு என்ன பெயர் என்று மகளிடம் கேட்டேன்.

"அதுக்குப் பேரு கோவம்ப்பா. சாதாரணக் கோவம்" என்றாள். ஊருக்குக் கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "தெரிஞ்ச பேரை எல்லாம் சொல்லிச் சொல்லியே, தன் பக்கம் எதுவும் வராம பாத்துக்கறாங்க பாருங்க, அதுக்கும் ஒரு பேரு இருக்கு."

"யாரைச் சொல்ற?"

"பொதுவாச் சொன்னேன்ப்பா."

பொதுவாகச் சொன்னாள் என்றே நானும் எடுத்துக்கொண்டேன்.

அவள் போன கொஞ்ச நாளில், கீழே விழுந்த கத்தரியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். நான் நிமிர்ந்தேன், பேண்ட் நிமிரவில்லை. இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு கிளம்பியதை எட்டிப் பிடித்தேன். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. இஸ்திரிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பேண்டின் துணியைக் கையில் தேய்த்துப் பார்த்தேன். 'இப்போதெல்லாம் நூலில் கலப்படம். துவைக்கத் துவைக்க விட்டுக்கொடுத்துவிடுகிறது' என்று தீர்மானித்தேன். துணி சுருங்கிவிட்டது என்று வந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தவன், துணி நீண்டுவிட்டது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அன்று மதியம் இஸ்திரிக்காரர் சாப்பிடப் போனதும் திரைக்குப் பின்னால் போய், பேண்டைக் கழற்றி, பின்பக்கத் தையலைப் பிரித்து இடுப்பைப் பிடித்தேன். என் கடையில் நானே கள்ளத்தனமாகத் தைத்த முதல் துணி அது. தையல் சுத்தமாக இருந்தது. அந்த விஷயத்தில் நான் என்னை ஏமாற்றவில்லை.

பிறகு அடுத்த பேண்ட். அதற்கடுத்தது. மூன்றும் ஒரே கம்பெனி என்பதால் காரணம் கச்சிதமாகப் பொருந்தியது. நான்காவது வேறு கம்பெனி. அதுவும் வழுக்கியபோது, கம்பெனிக்காரர்கள் எல்லாம் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். முதலில் பிடித்த பேண்ட் மறுபடி தளர்ந்தது. மறுபடி பிடித்தேன். பின்பைகள் இரண்டும் நடுவில் வந்து ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நின்றன.

வேறு சில விஷயங்களும் நடந்தன. சாப்பாடு முன்னைவிட இரண்டு மடங்கு இறங்கியது. 'இவ்வளவு சாப்பிடுகிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது?' என்று அதையே சாட்சிக்கு வைத்துக்கொண்டேன். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுத் திரிகையில் எனக்கு வியர்த்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு கடை முழுவதும் அடிக்கிறது என்று அவரோடு சண்டை பிடித்தேன். ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்கியது. ஊசிக் கம்பெனிக்காரன் காதைச் சின்னதாக்கிவிட்டான். மாடிப்படி ஏறினால் நெஞ்சு தையல் மெஷின் போல ஓடியது. படியைக் கட்டியவனுக்கு அளவு தெரியவில்லை. ஒருநாள் ஜிப்பை மாற்றித் தரத் தாமதமானதற்கு ஒரு கல்லூரிப் பெண் லேசாக முகம் சுளித்தாள். நான் கத்திய கத்தில் அவள் ஜிப் இல்லாமலேயே பாவாடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். இதற்கும் ஒரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர்களெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தானே? ஊருக்குத்தான் உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லையடி.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னிடம் அசைக்க முடியாத ஆதாரம் ஒன்று இருந்தது. சட்டை. பேண்ட் மட்டும்தான் தொளதொளத்தது. சட்டைகள் உடம்பில் கச்சிதமாக நின்றன. மனிதன் இளைத்தால் இடுப்பு மட்டுமா இளைக்கும்? மார்பும் தோளும் சேர்ந்துதானே இளைக்கும்? அதுவும் போக, காலர் முன்னைவிட இறுக்கியது. மேல் பொத்தானைப் போட்டால் கழுத்தைப் பிடித்தது. காலர் இறுக்கினால் சதை போட்டிருக்கிறது என்று அர்த்தம். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! தொழில்முறையில் பார்த்தால் நான் குண்டாகிக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு கைத்திறன் வேண்டும். எனக்கு இருந்தது.

இவ்வளவு பாடுபட்டு எதை மறைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். பஸ் ஓட்டினார். ஸ்டியரிங்கில் வயிறு முட்டும், அப்படி ஓர் ஆள். ஒரு வருடம் திடீரென்று இளைக்க ஆரம்பித்தார். அவருடைய யூனிபார்ம் பேண்டைப் பிடித்துத் தைத்தது நான்தான். "துணி சரியில்லடா" என்பார். "ஆமாண்ணே, இந்தத் துணி இழுத்துக்குது" என்பேன். பலமுறை பிடித்தேன். கடைசியாக ஒரு பேண்டைப் பிடித்து மடித்து வைத்திருந்தேன். அதை அவர் வாங்கிக்கொள்ள வரவில்லை. புற்றுநோய் என்று தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதன் பிறகு அண்ணனைப் பற்றி நான் பேசுவதில்லை. நினைவு வந்தால் பெடலை இன்னும் வேகமாக மிதிப்பேன். அந்த மாதிரி இளைப்பு எங்கள் குடும்பத்துக்குள் இரண்டாவது முறை வந்துவிடக் கூடாது என்று பயந்தேன். பயந்தேன் என்பதுகூட எனக்குத் தெரியாது. பேண்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் வேலை செய்கிறாள். ஒரு குழந்தை விழுந்தால், அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே ஓடுவாள். அப்படிச் சொன்னால் பாதிக் குழந்தைகள் அழாதாம். தையல்காரன் பெண்டாட்டிக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொடுக்கப் போய், அவள் தலையணை உறையை என் லுங்கியோடு சேர்த்துத் தைத்த நாளிலிருந்து ஊசியை அவள் கையில் கொடுப்பதில்லை என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு வாய் அதிகம். காலையில் பல் விளக்குவதிலிருந்து இரவு விளக்கணைப்பது வரை நான் செய்வதில் ஏதாவது ஒன்று தப்பாக இருக்கும். அப்படிப்பட்டவள் அந்த மாதங்களில் அடங்கிப்போனாள். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டாலும் சிரித்துக்கொண்டே எடுத்துக் காயப்போட்டாள். தட்டில் கேட்காமலேயே இரண்டாவது முட்டை வந்தது. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால், பின்னால் வந்து தோளை நீவிவிட்டு, "நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள். நான் கேட்கவேயில்லை. என் பொறுமையும் பெருந்தன்மையும் இத்தனை வருடம் கழித்து அவளைத் திருத்திவிட்டன என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

மகள் போனில் கூப்பிடுவாள். "அப்பா, வீடியோவுல வாங்க" என்பாள். "கேமராவுல மூஞ்சி கோணலாத் தெரியுதும்மா, சும்மா பேசு" என்பேன். மனைவியும் பக்கத்திலிருந்து, "அவருக்கு வெளிச்சம் கண்ணு கூசுதுடி" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். எவ்வளவு ஒற்றுமையான தம்பதி என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஒருநாள் காலை கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கி, டீ முழுவதும் சட்டை மேல். டம்ளருக்கு அடிப்பாகம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினேன். கறை பிடிப்பதற்குள் அலசி இஸ்திரி போட்டுவிடலாம் என்று இஸ்திரிக்காரர் கையை நீட்டினார். கொடுப்பதற்கு முன் பழக்க தோஷத்தில் சட்டையை உள்பக்கம் திருப்பினேன்.

வெள்ளைச் சட்டை. பக்கத் தையலில் நீல நூல்.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "எவன்டா இப்படித் தைச்சது?" என்று கத்தினேன். மெஷின் தையல் இல்லை, கைத்தையல். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் விரல் நுழையும் இடைவெளி. கோடு கோணலாகப் போய், வழி தவறி, மறுபடி திரும்பி வந்திருந்தது. முடிச்சு ஒரு மிளகு அளவுக்கு இருந்தது. என் தொழிலையே அவமானப்படுத்தும் தையல். இருபுறமும் உள்ளே நன்றாகப் பிடித்திருந்தார்கள். அதற்கு வெளியே இன்னொரு வரிசை. அதாவது ஒருமுறை பிடித்து, போதாமல், மறுபடியும் பிடித்திருக்கிறார்கள். என் வாயில் அடுத்த வசவு தயாராக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு கேவலமாகத் தைக்கக்கூடியவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான் உண்டு.

நான் சட்டையைப் பிடித்தபடியே நின்றேன். இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்தார்.

"மாஸ்டர்," என்றார், "ரொம்ப நாளாச் சொல்லணும்னுதான் இருந்தேன். உங்க பேண்டை எல்லாம் நான்தானே இஸ்திரி போடுறேன். உள்ள பிடிச்சது தெரியாதா எனக்கு?"

"ஏன்யா சொல்லல?"

"சூடு அடிக்குதுன்னதுக்கே அந்தக் கத்து கத்துனீங்க."

ஆக, கடைக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரியும். ஜிப் இல்லாமல் ஓடிய கல்லூரிப் பெண்ணுக்கும் ஒருவேளை தெரிந்திருக்கும். தெரியாதவன் நான் ஒருவன்தான். நான் மறைத்த பூசணிக்காய் தட்டை விட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பனியனோடு திரைக்குப் பின்னால் போனேன். கண்ணாடியில் பார்த்தேன். தினமும் பார்க்கிற கண்ணாடிதான், ஆனால் மற்றவர்களுடைய இடுப்பைப் பார்க்கிற கண்ணாடி. தோள் எலும்பு தெரிந்தது. கை இரண்டும் பனியனிலிருந்து குச்சி போல வந்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதைக் கழுதையைத் தவிர எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அண்ணன் முகம் வந்தது. பெடல் எதுவும் காலடியில் இல்லை. முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். இஸ்திரிக்காரர் வெளியே ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

மதியம் அவள் காப்பகத்திலிருந்து வரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். சட்டையை உள்பக்கம் தெரியும்படி சாப்பாட்டு மேஜை மேல் விரித்து வைத்தேன். அவள் வந்தாள், செருப்பைக் கழற்றினாள், பார்த்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"என்னைக் கேட்டா? வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்."

"வெள்ளைச் சட்டைக்கு நீல நூல் போட்டு எந்தக் கம்பெனிக்காரி தைப்பா?"

"வெள்ளை நூல் உங்க டப்பாவுல இருந்துச்சு. எடுத்தா தெரிஞ்சிடுமேன்னு..." பாதியில் நிறுத்தினாள். பிறகு, "அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள்.

"நாய்க்குத் தைச்சா நாய் கடிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எல்லாச் சட்டையும் அப்படித்தானாம். நான் குளிக்கப் போகும் நேரத்தில் ஒரு பக்கம், மறுநாள் குளிக்கும் நேரத்தில் மறுபக்கம். விரலில் குத்திக்கொண்டதற்குக் காப்பகத்தில் குழந்தை கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். நானும் நம்பி, அந்தக் குழந்தையைத் திட்டியிருக்கிறேன்.

"எதுக்கு?"

"சட்டை தொங்குச்சு. கண்ணாடி முன்னாடி நீங்க அதைப் பாத்துடக் கூடாதுன்னு நெனச்சேன். பாத்தா பயந்துடுவீங்க."

"அதுக்கு என்கிட்ட சொல்லியிருக்கணும். டாக்டர்கிட்ட போன்னு பிடிச்சுத் தள்ளியிருக்கணும். சோப்பை ஈரத்துல வச்சா ஊரைக் கூட்டுறவ, இதுக்கு வாயை மூடிட்டு ஊசி எடுத்தியா? ஏன் சொல்லல?"

"உங்க அண்ணன்கிட்ட நீங்க ஏன் சொல்லல?"

அவள் நீல நூலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சொல்லத்தான் நினைத்தாளாம், ஒவ்வொரு நாளும். சொன்னால் உண்மையாகிவிடும் என்று தோன்றியதாம். அடுத்த வாரம் சதை போட்டுவிடும், அப்போது தையலைப் பிரித்துவிட்டால் போயிற்று, நமக்குள் இப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாளாம். அதற்காகத்தான் இரண்டாவது முட்டை.

"பிரிக்கறதா? இந்த முடிச்சை யாராலயும் பிரிக்க முடியாது" என்றேன்.

"ஜோக் அடிக்காதீங்க" என்று அழுதாள். "எல்லாத்துக்கும் ஒரு ஜோக். அதுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறீங்க."

மகள் சொன்ன பெயர்களில் இதுவும் இருந்ததா என்று யோசித்தேன். அப்படி யோசிப்பதும் ஒளிந்துகொள்ளத்தான் என்று உடனே தெரிந்தது. ஒரு திரையை விலக்கினால் உள்ளே இன்னொன்று தொங்குகிறது. வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள்.

மறுநாள் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். நான் உட்கார்ந்ததுமே என் கழுத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் காற்றில் ஆடுவது போல ஆடியது. மின்விசிறி மேல் பழி போடலாம் என்று அண்ணாந்து பார்த்தேன். அது ஓடவில்லை.

"காலர் இறுக்குதா?"

"கொஞ்சம் சதை போட்டிருக்குன்னு நெனச்சேன் டாக்டர்."

"உடம்பெல்லாம் இளைச்சு, கழுத்துல மட்டும் சதை போடுமா?"

முப்பது வருடம் மற்றவர்களிடம் நான் பேசிய தொனியில் அவர் என்னிடம் பேசினார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். முடிவு வருவதற்குள் எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் பேசிய பேச்சு, கல்யாணமான நாளிலிருந்து பேசியதைவிட அதிகம். அண்ணனைப் பற்றிப் பேசினேன். அவர் கடைசியாக வாங்கிக்கொள்ளாத பேண்டை நான் யாருக்கும் தெரியாமல் வெட்டி வேறு துணிகளுக்கு ஒட்டுப்போட்டே தீர்த்தேன் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒண்ணுமில்ல என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மகளுக்கு வீடியோவிலேயே கூப்பிட்டோம். அவள் என்னைப் பார்த்துவிட்டு எந்தப் பெயரும் சொல்லவில்லை. "அப்பா" என்று மட்டும் சொல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முடிவு வந்த நாளில் இரண்டு பேரும் டாக்டர் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தோம். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு முதலில் அதைத்தான் சொன்னார். அண்ணனுக்கு வந்தது எனக்கு இல்லை. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. இளைப்பு, நடுக்கம், வியர்வை, சிடுசிடுப்பு, காலர் எல்லாம் அதனால்தான். மாத்திரையில் அடக்கிவிடலாம். என் மனைவி மூச்சை விட்ட சத்தம் அறை முழுவதும் கேட்டது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க, இன்னும் முடிக்கல" என்றார் டாக்டர். "இத்தனை மாசமா அது உங்க இதயத்தைப் போட்டு விரட்டியிருக்கு. துடிப்பு தாளம் தப்ப ஆரம்பிச்சிருக்கு. அதுக்குத் தனியா வைத்தியம் பாக்கணும், முழுசாச் சரியாகுமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா இந்த இதயப் பிரச்சினையே வந்திருக்காது." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். "ஆளு இப்படி உருகிப் போயிருக்காரு. இத்தனை மாசம் வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

பதில்கள் எனக்குள் வழக்கம் போல வரிசையில் வந்து நின்றன. துணி, ஊசி, படிக்கட்டு, வேலைப் பளு. பக்கத்தில் அவளும் வாயைத் திறப்பது தெரிந்தது.

"நான் கவனிச்சேன் டாக்டர்" என்றேன். அதே நொடியில் அவளும் அதையே சொன்னாள்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்றார்.

"தைச்சோம்" என்றாள் என் மனைவி.